டிரைபாட் போட்டும் படம் கலங்குகிறதா?

சாரல் நேரத்தில் குற்றாலம் பேரருவியை 1/4 நொடியில் எடுத்தால் தண்ணீர் திரித்த பஞ்சாக இழுபட்டு விழும். நீரின் நரம்பும் கொஞ்சம் மிச்சமிருக்கும். கயத்தாறு, ராதாபுரம் பக்கம் காற்றாலை இறக்கை சுற்றுவது படத்தில் தெரிய வேண்டுமானால் 1/15 முதல் 1/4 வரை தேவை. நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் இறக்கை 1/15 நொடியில் 6 பாகை நகரும், அவ்வளவு போதும். ஊர் அடங்கியபின் கோபுரத்தை விளக்கொளியில் குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்திறனில்) எடுத்தாலும் ஷட்டர் இதே வட்டாரத்தில்தான் வந்து நிற்கும்.

சங்கடம் என்னவென்றால், கேமரா தன்னைத்தானே உலுக்கிப் படத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் இந்த வேகங்களில்தான். கைநடுக்கத்தை டிரைபாட் பார்த்துக்கொள்ளும். கேமராவுக்குள் மிரர் மோதுவதையும் ஷட்டர் திரை உதைப்பதையும் ஆடிக்காற்றையும் பாலத்தில் போகும் பஸ்ஸையும் அது பார்த்துக்கொள்ளாது. எது ஆட்டுகிறது என்று கண்டுபிடிக்காமல் இன்னொரு டிரைபாட் வாங்குவது வீண் செலவு.

எவ்வளவு ஆடினால் கெடும்?

24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) 23.5 மிமீ அகலம், அதில் 6000 புள்ளிகள். ஒரு புள்ளி 0.004 மிமீக்குச் சற்றுக் குறைவு. 400 மிமீ லென்ஸ் மாட்டி, கேமராவுக்கும் லென்ஸ் முனைக்கும் 30 செமீ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முனை 0.003 மிமீ தாழ்ந்தால் பிம்பம் ஒரு புள்ளி நகர்ந்துவிடும். தலைமுடி ஏறக்குறைய 0.07 மிமீ தடிமன். அதாவது முனை ஒரு முடித் தடிமன் தாழ்ந்தாலே 20 புள்ளிக்கு மேல் இழுவை. பறவையின் கண்ணில் விழும் ஒளிப்பொட்டு கோடாகிவிடும். 18 மிமீ லென்ஸில் அதே முடியளவு ஆட்டம் இரண்டு புள்ளியோடு போய்விடும், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

மிரர் உள்ள கேமராவான டிஎஸ்எல்ஆரில் பட்டனை அழுத்தியதும் மிரர் மேலே போய் மோதி நிற்கும், அதன் பிறகே திரை திறக்கும். மோதிய அதிர்வு அடங்க அரை நொடி வரை ஆகலாம். 1/1000 நொடியில் அந்த ஆட்டத்தில் ஒரு துளிதான் படத்தில் விழும். 10 நொடிப் படத்தில் ஆட்டம் மொத்த நேரத்தில் 20-இல் ஒரு பங்கு, மீதி அமைதியான ஒளி அதை மூடிவிடும். 1/30 முதல் 1/2 வரைதான் மொத்தப் படமும் ஆட்டத்துக்குள்ளேயே முடிந்துபோகிறது. "ஒரு நொடி வைத்தால் நன்றாக வருகிறது, 1/8 வைத்தால் கெடுகிறது, இது என்ன கூத்து" என்பவர்களுக்கு விடை இதுதான்.

கலங்கலைப் படித்துப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் 100 சதவீதம் பெரிதாக்கி, கூர்மையான ஓரம் ஒன்றைத் தேடுங்கள். மின்கம்பி, பனைமட்டை, எழுத்து, எதுவானாலும் சரி.

குறுக்குக் கோடுகள் கலங்கி, நெட்டுக் கோடுகள் தெளிவாக இருந்தால் ஆட்டம் மேல்கீழாக நடந்திருக்கிறது. மிரர், ஷட்டர், பட்டனைக் குத்திய விரல், இவற்றில் ஒன்று. மாறாக நெட்டுக் கோடு கலங்கினால் பக்கவாட்டு ஆட்டம். காற்றாக இருக்கலாம், கேமராவை நெட்டுவாக்கில் திருப்பிப் போட்டிருந்தால் மிரராகவும் இருக்கலாம். படத்தின் நடு தெளிவாகவும் மூலைகள் வளைந்து இழுபட்டும் இருந்தால் பட்டனை அழுத்தும்போது கேமரா சுழன்றிருக்கிறது, இது கைப்பழக்கம்.

ஓரம் இரட்டையாகத் தெரிகிறதா? அது அதிர்வின் முத்திரை. ஊஞ்சல் இரு முனையிலும் ஒரு கணம் நின்று திரும்புவதுபோல அதிரும் லென்ஸும் இரு கோடியில் அதிக நேரம் நிற்கும், அந்த இரண்டு இடமும் அழுத்தமாகப் பதியும். ஒரே பக்கம் சீராக வழிந்திருந்தால் அது அதிர்வே இல்லை. கேமராவைத் தாங்கும் உருண்டைத் தலை (பால் ஹெட்) மெல்ல இறங்குகிறது, அல்லது டிரைபாட் கால் மணலில் புதைகிறது.

முன்னால் இருக்கும் புல் தெளிவு, கொக்கு கலங்கல் என்றால் ஃபோகஸ் தப்பு. மரம் தெளிவு, பறக்கும் நாரை மட்டும் கலங்கல் என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. இந்த இரண்டுக்கும் டிரைபாட்டைத் திட்டிப் பயனில்லை.

எந்தத் திசையும் இல்லாமல் எல்லாமே பொதுவாக மொழுக்கென்று இருந்தால் லென்ஸ் துவாரத்தின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணைப் பாருங்கள். அருவிக்கு நீண்ட நேரம் வேண்டுமென்று எஃப்/22 வரை மூடியிருப்பீர்கள். துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறும். 24 மெகாபிக்சல் கிராப் கேமராவில் எஃப்/11-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, மிச்சத்தை ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் பார்த்துக்கொள்ளட்டும். மேகம் மூடிய நாளில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11 என்றால் 1/30 வரும். ஒளியை எட்டில் ஒன்றாக்கும் என்டி 8 போட்டால் அது 1/4.

வீட்டுச் சுவரில் ஒரு சோதனை

ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பொடி எழுத்து, நெட்டும் குறுக்கும் கலந்த கோடு. இதைவிடச் சோதனை அட்டை வேண்டியதில்லை. உங்களிடம் உள்ள நீளமான லென்ஸை மாட்டி, எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, வழக்கமாக எப்படி டிரைபாட் போடுவீர்களோ அப்படியே போடுங்கள். லைவ் வியூவில் (பின்திரையில்) பெரிதாக்கி ஒருமுறை கையால் ஃபோகஸ் செய்துவிட்டு அதன்பின் வளையத்தைத் தொடாதீர்கள். எஃப்/8-ல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றி, 1/500, 1/250, 1/125, 1/60, 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, 1, 4 நொடி என்று வேகத்துக்கு மூன்று படமாக எடுங்கள். ஐஎஸ்ஓ மேலேறிப் படம் பொரிபொரியாக வந்தால் வரட்டும், பார்க்கப்போவது எழுத்தின் ஓரத்தை மட்டும். பிறகு அறையை இருட்டாக்கி ஃபிளாஷ் போட்டு ஒரு படம். ஃபிளாஷ் மின்னும் நேரம் மிகக் குறைவு, அதில் ஆட்டத்துக்கு இடமேயில்லை. அந்த லென்ஸால் தரமுடிந்த கூர்மை எது என்பதற்கு அந்தப் படம்தான் அளவுகோல்.

நடுவேகங்களில் மட்டும் எழுத்து குழைந்தால் மிரரோ ஷட்டரோ. 1 நொடி, 4 நொடிப் படங்களும் குழைந்தால் டிரைபாட், ஹெட், தரை, அல்லது அணைக்க மறந்த ஸ்டெபிலைசர் (கைநடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு).

இரவில் இதைவிடச் சுலபமான வழி உண்டு. மொட்டை மாடியிலிருந்து தூரத்து செல்போன் டவரின் சிவப்பு விளக்கை 1/4 நொடியில், நன்றாக இருட்டாக எடுத்துப் பெரிதாக்குங்கள். விளக்கு வெறும் புள்ளியாகவே இருந்தால் சரி. தலைப்பிரட்டை மாதிரி வால் முளைத்திருந்தால் அந்த வால்தான் உங்கள் கேமரா ஆடிய பாதை. எந்தத் திசையில், எத்தனை முறை என்பதுவரை அதில் எழுதியிருக்கும்.

மிரரும் ஷட்டரும்

டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தால் மெனுவில் மிரர் லாக்அப் தேடுங்கள். முதல் அழுத்தில் மிரர் மேலேறி நிற்கும், இரண்டாம் அழுத்தில் படம். ரிமோட் இல்லாவிட்டால் 2 நொடி டைமரைச் சேர்த்துக்கொள்ளலாம். கேனான் மாடல்கள் பலவற்றில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். நிக்கான் நடுத்தர மாடல்களில் எக்ஸ்போஷர் டிலே என்று ஒன்று உண்டு, மிரர் ஏறிய பிறகு நொடிக்கணக்கில் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். டி3000 வரிசை போன்ற தொடக்கநிலை நிக்கானில் மிரர் லாக்அப் சென்சாரைச் சுத்தம் செய்ய மட்டும்தான், படத்துக்கு ஆகாது. லைவ் வியூ போட்டால் மிரர் ஏற்கெனவே மேலே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எடுக்கும் கணத்தில் ஒருமுறை இறங்கி ஏறும் கேமராக்களும் இருக்கின்றன. காதை வைத்துக் கேட்டால் இரட்டைத் தட்டல் தெரியும்.

மிரர்லெஸ் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது பாதி உண்மை. மிரர் இல்லை, ஷட்டர் திரை இருக்கிறது. எடுக்கும் முன் அது மூடி, பிறகு திறந்து, மீண்டும் மூடும். முதல் திரை ஓடி நிற்கும் உதை 1/60 முதல் 1/250 வரை படத்தில் விழும். 2013-இல் வந்த 36 மெகாபிக்சல் சோனி ஏ7ஆரில் எலக்ட்ரானிக் முதல் திரை (முதல் திரை ஓடாமல் சென்சாரே படத்தைத் தொடங்குவது) கிடையாது; நீள லென்ஸோடு இந்த உதை அதில் பெரிய பேச்சாக இருந்தது. 2015-இல் வந்த இரண்டாம் மாடலில் அதைச் சேர்த்தார்கள். உங்கள் கேமராவில் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் என்று இருந்தால் அதிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாம். ஒரே விலக்கு, எஃப்/1.4, எஃப்/1.8 லென்ஸை முழுக்கத் திறந்து 1/2000-க்கு மேல் போகும்போது. பின்னணி ஒளிவட்டங்கள் வெட்டுப்பட்டுத் தெரியும்; அப்போது மட்டும் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் அசைவே இல்லை. ஆனால் சென்சாரை வரிவரியாக வாசிப்பதால் வேகமாகச் சுழலும் இறக்கை அரிவாள் மாதிரி வளையும், கொடைவிழாவின் சீரியல் லைட்டுக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அசையாத கல்லுக்கும் மலைக்கும் மட்டும் அது.

டிரைபாட்

முதலில் ஒரு தட்டல் சோதனை. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸ் முனையை விரலால் லேசாகச் சுண்டுங்கள். திரையில் பிம்பம் துள்ளி அடங்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். ஒரு நொடிக்குள் அடங்கினால் நல்ல டிரைபாட். நான்கு நொடி ஆனால் 2 நொடி டைமர் உங்களுக்கு எதற்கும் உதவாது, 10 நொடி டைமரோ ரிமோட்டோதான் கதி.

நடுத்தண்டை இறக்கியே வையுங்கள். அதை 20 செமீ ஏற்றிவிட்டால், மூன்று கால்மேல் ஒற்றைக் கால் நிற்கிறது என்று பொருள். உயரம் வேண்டுமானால் மேலே உள்ள தடித்த கால்பகுதியை முதலில் நீட்டுங்கள். பென்சில்போல மெலிந்த கடைசிப் பகுதி கடைசிக்குத்தான். கால்கள் சேரும் இடத்தின் போல்ட்டை ஆலன் கீயால் மாதம் ஒருமுறை இறுக்குங்கள். பழசான டிரைபாட் ஆடுவதற்குப் பாதிக் காரணம் அந்த போல்ட்தான். சந்தேகமிருந்தால் ஒரு காலைத் தூக்கிப் பிடியுங்கள், தானாகச் சரிந்து விழுந்தால் தளர்ந்திருக்கிறது. கேமரா அடியில் மாட்டும் பிளேட்டைக் கையால் திருகிவிட்டு விட்டுவிடாமல் காசை வைத்து ஒரு கால் திருகு கூடத் திருகுங்கள்.

கனமான லென்ஸுக்கு அதைச் சுற்றிய டிரைபாட் வளையம் (காலர்) இருந்தால் பாடியில் மாட்டாதீர்கள், காலரில் மாட்டுங்கள். பாடியில் மாட்டினால் முனைப்பாரம் முழுக்க முன்னால் தொங்கும்.

பையை நடுக்கொக்கியில் தொங்கவிடுவது எல்லோரும் சொல்லும் யோசனைதான், பாதிப்பேர் தப்பாகச் செய்கிறார்கள். காற்றில் அந்தப் பை ஊசலாக ஆடி டிரைபாட்டையும் சேர்த்து ஆட்டும். பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கயிற்றை இறக்கிக் கட்டுங்கள்.

டிரைபாட்டில் ஸ்டெபிலைசரை அணையுங்கள், லென்ஸில் இருப்பதையும் பாடியில் இருப்பதையும். இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே மெல்ல நகரும். பழைய லென்ஸ்களில் இது அதிகம். பீன் பேக்கிலும் (பயறு நிரப்பிய பை) கையிலும் எடுக்கும்போது மறக்காமல் திரும்பப் போடுங்கள். பட்டனைப் பாதி அழுத்தி அரை நொடி விட்டால்தான் அது நிலைக்கு வரும்.

ஆறு, பாலம், மாடி

தாமிரபரணியில் காலை நனைத்துக்கொண்டு எடுப்பது சுகம். டிரைபாட் காலை நனைப்பது தொல்லை. ஓடும் தண்ணீர் மெல்லிய குழாயைச் சுற்றிச் சுழித்து அதை நடுங்கவைக்கும், கையால் தொட்டால் உணரலாம். பாறையில் வையுங்கள். வழியில்லை என்றால் தடித்த கால்பகுதியை மட்டும் தண்ணீரில் இறக்குங்கள். ஆற்றுமணலில் மூன்று காலையும் உடம்பின் பாரத்தோடு அமுக்கி, இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். குளக்கரைச் சேற்றில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சிரட்டையை மல்லாத்திப் புதைத்து அதற்குள் காலை நிறுத்தினால் புதைவது நிற்கும்.

1843-இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலத்தின் கல் வளைவுகளை ஆற்றுக்குள் இறங்கி நின்று எடுப்பதுதான் அழகு, அதிர்வுக்கும் அதுவே நல்லது. எந்தப் பாலத்தின் மேலும் நின்று இரவில் எடுக்க நேர்ந்தால், டம்ளரில் முக்கால் தண்ணீர் ஊற்றிக் கைப்பிடிச் சுவர் ஓரம் தரையில் வைத்துப் பாருங்கள். பஸ் போகும்போது தண்ணீர்ப் பரப்பு சிலிர்க்கும், போனபின் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று தெரியும். தூணுக்கு நேர்மேலே நின்றால் குறைவாக ஆடும், இரண்டு தூணுக்கு நடுவே அதிகம். இரும்பு இணைப்புப் பட்டைக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம், ஒவ்வொரு சக்கரமும் அதில் இடித்துத்தான் போகும். நீண்ட ஒரே படத்துக்குப் பதில் போக்குவரத்து விடும் இடைவெளியில் 2 நொடிப் படமாக நாலைந்து எடுப்பது புத்திசாலித்தனம்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ரத வீதியில் மொட்டை மாடியிலிருந்து எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். நடுத் தளத்தில் நாலு பேர் நடந்தாலே நீள லென்ஸ் அதை உணரும். சுவர்கள் சேரும் மூலையில் நில்லுங்கள். கைப்பிடிச் சுவரின்மேல் ஜெனரேட்டரின் நடுக்கம் தெரிகிறதா என்று முதலில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

காற்று

ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, லென்ஸ் ஹூட் பாய்மரமாகிவிடும். வெயில் நேரே லென்ஸில் விழாவிட்டால் ஹூட்டைக் கழற்றுங்கள். கழுத்துப் பட்டையையும் கழற்றிவிடுங்கள் அல்லது காலோடு சுற்றிக் கட்டுங்கள். படபடக்கும் பட்டை ஒன்றே 1/8 நொடிப் படத்தைக் கெடுக்கப் போதும். டிரைபாட்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, ஒரு காலைக் காற்று போகும் திசைக்கு நீட்டி, நீங்கள் காற்று வரும் பக்கம் முதுகு காட்டி உட்காருங்கள். வண்டியின் மறைவு இன்னும் நல்லது. காற்று அலையலையாகத்தான் அடிக்கும். அலைக்கு நடுவே வரும் ஓய்வில் தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுத்தால் ஒன்றாவது தேறும். குற்றாலத்தில் அருவிக்கு மிக அருகே போனால் விழும் தண்ணீரே காற்றைக் கிளப்பும், சாரல் கண்ணாடியில் படியும். பத்தடி பின்வாங்கினால் இரண்டும் குறையும்.

கூந்தன்குளம்: வண்டிக்குள்ளிருந்து

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் செங்கால் நாரையையும் வரித்தலை வாத்தையும் எடுக்க டிரைபாட் பெரும்பாலும் இடைஞ்சல்தான். பீன் பேக் போதும். பழைய ஜீன்ஸ் காலில் ஒன்றரை அடி வெட்டி, ஒரு முனையைத் தைத்து, இரண்டு கிலோ கம்போ பாசிப்பயறோ போட்டு மறுமுனையையும் தையுங்கள். முக்கால் பங்குதான் நிரம்ப வேண்டும், முட்ட முட்ட அடைத்தால் லென்ஸ் பதியாது. தெர்மாகோல் மணி லேசாக இருக்கும், ஆனால் அதிர்வை வாங்காது. நனைந்தால் உடனே கொட்டி வெயிலில் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் முளை கட்டிவிடும்.

இறக்கிய கண்ணாடிமேல் பையைப் போட்டு, லென்ஸை அதில் அழுத்தி, இடதுகையை லென்ஸ்மேல் வைத்து அமுக்குங்கள். எஞ்சினை அணைக்க வேண்டும், கூட இருப்பவர்கள் அசையாமல் இருக்க வேண்டும். கிராப் கேமராவில் 400 மிமீ என்பது 600 மாதிரி. கையில் பிடித்து எடுக்க 1/600 போதும் என்று பழைய கணக்கு சொல்லும், 24 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு 1/1250 வேண்டும். காலை வெயிலில் எஃப்/6.3, ஐஎஸ்ஓ 800 வைத்தால் 1/1600 கிடைக்கும்.

ஏசியைப் போகும் வழியிலேயே அணைத்து எல்லாக் கண்ணாடியையும் பத்து நிமிடம் முன்பே இறக்கிவிடுங்கள். உள்ளே குளிர்ந்த காற்றும் வெளியே சூடும் ஜன்னலில் கலக்கும்போது பிம்பம் அலையும். ஒன்பது மணிக்குமேல் குளத்தின் மறுகரையில் கானல் எழும். அடுத்தடுத்த படங்களில் கலங்கல் வெவ்வேறு விதமாக இருந்தால் அது கானல்தான். எந்த ஷட்டர் வேகமும் எந்த பீன் பேக்கும் அதைச் சரிசெய்யாது. பக்கத்தில் இருக்கும் பறவையை எடுங்கள், தூரத்துக் கூட்டத்தை மறுநாள் விடியலுக்கு விடுங்கள்.

கையும் போனும்

டிரைபாட் விடாத இடங்களில் பம்பரக் கயிறு ஒன்று போதும். ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் போல்ட் வாங்கி, கேமராவின் அடித்துளைக்குள் 5 மிமீக்கு மேல் போகாதபடி நட்டுப் போட்டு நிறுத்துங்கள். அதைவிட உள்ளே போனால் துளையின் அடி பழுதாகும். போல்ட்டில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால் மேல்கீழ் ஆட்டம் பெரும்பாலும் அடங்கும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலைக் குத்தாமல் உருட்டி அழுத்துங்கள். மூன்று படம் தொடர்ச்சியாக எடுத்தால் நடுவில் உள்ளது பெரும்பாலும் தெளிவு.

போனிலும் கணக்கு அதேதான்: தூணில் சாய்த்துப் பிடித்து 3 நொடி டைமர். போன் கேமராவுக்கு அதிர்வால் வரும் பெரிய கேடு படம் எடுக்கும்போது வருவதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்கிலும் காந்தத்திலும் மிதக்கும் லென்ஸ் அதில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் நேரடியாக மாட்டினால் எஞ்சின் அதிர்வு அந்த அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அம்பாசமுத்திரம் ரோட்டில் வழி பார்க்க ஹேண்டிலில் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்றால் பழைய போனை மாட்டுங்கள், படம் எடுக்கும் போன் சட்டைப்பையில் இருக்கட்டும்.